கீழ யாரு?

ஜூன் 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவனிடம் அதைக் கேட்க மனசு வரவில்லை. உன் விலாசத்தை உன் பழைய ரூம்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். ஏதோ ராணுவ ரகசியம் மாதிரி அவன் தர மறுத்தான்.

போன் பண்ணாதே என்று சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. உனக்கும் உன் அண்ணனுக்கும் ஒரே குரல். அவர் இறந்து போன பிறகு நீ ஒருநாள் போனில் "நான்தான் பேசறேன்" என்றதும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். அதனால் சொன்னேன். போன் பண்ணாதே என்றால் ஊரை விட்டே போய்விடு என்று அர்த்தமா? வண்டியின் மேல் கிளை விழுந்ததற்காக நாலு பேர் முன்னால் திட்டினேன், அதுவும் உண்மைதான். முன்பக்கம் இன்னும் சப்பையாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் உன் மேல் கோபம் வருகிறது. அதைத் தட்டி எடுக்க ஆளைக் கூப்பிடாமல் இருப்பதும் நான்தான்.

தொழிலைப் பற்றிக் கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். போன மாதம் அடித்த காற்றில் ஊர் முழுக்க மரம் விழுந்தது. எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நமக்கு மட்டும் போன் ஓயவில்லை. அடுத்தவன் கூரை உடைந்தால்தான் நம் வீட்டில் உலை கொதிக்கும் என்கிற இந்த மரம் வெட்டுகிற தொழிலை உன் அண்ணன் எங்கிருந்துதான் பிடித்தாரோ. காற்று நின்றதும் போனும் நின்றுவிட்டது. இப்போது வருகிறவர்கள் எல்லாம் பேச வருகிறவர்கள். ஒருத்தருக்கு மரம் வேண்டுமாம், நிழலும் வேண்டுமாம், இலை மட்டும் உதிரக் கூடாதாம். மேலே இருக்கிறவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கிளை அரைக்கிற மெஷின் முதல் தடவை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் தின்றுவிட்டு நின்றுவிடுகிறது. மரம் ஏற அணில் இருக்கிறான். நீ பழக்கிவிட்டுப் போனவன்தான், நன்றாகவே ஏறுகிறான். கீழே நிற்கிற வாத்தியாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எதற்கெடுத்தாலும் பாடம் நடத்துகிற ஆள் இப்போது படுத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்.

பாப்பா சித்தப்பா எங்கே சித்தப்பா எங்கே என்று அரித்து எடுக்கிறாள். போன வாரம் வெட்டிய ஒரு கிளையின் பொந்தில் பூனைக்குட்டி ஒன்று கிடந்தது. சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் முகம். பட்டன் என்று பெயர் வைத்து வளர்க்கிறாள். வீட்டுக்குப் புதிதாக ஒரு ஆள் வந்திருப்பது உன் அண்ணனுக்குத் தெரியாதே என்று அன்றைக்கு ஒரு நினைப்பு வந்தது. போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். டீச்சரம்மா வந்திருந்தார். அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் மீதிப் பாதி, அவர் படுக்கிற அறையின் மேல் சாய்ந்துகொண்டே வருகிறது. மழைக்கு முன்னால் இறக்கியாக வேண்டும். அணில் அந்த மரத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஊரில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் அண்ணன் விழுந்த மரத்தை இன்னொரு கம்பெனி வந்து வெட்டினால், அப்புறம் நம்மை ஒரு முருங்கைக் கிளை ஒடிக்கக்கூட எவனும் கூப்பிட மாட்டான். ஷெட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

உன் பெல்ட்டும் ஹெல்மெட்டும் ஆணியில் அப்படியே தொங்குகின்றன. வருவாயா?

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டும் கிடைத்தது. இரண்டும் சௌக்கியமாக வந்து சேர்ந்தன.

நான் ஒரு செடிப் பண்ணையில் இருக்கிறேன். காலையில் தண்ணீர் விடுவது, மத்தியானம் பைகளில் மண் நிரப்புவது, சாயந்திரம் மறுபடி தண்ணீர் விடுவது. இங்கே எதுவும் என் இடுப்புக்கு மேலே வளர்ந்ததில்லை. வளர்வதற்குள் விற்றுவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

டீச்சரம்மா மரத்துக்கு என்னால் வர முடியாது. காரணம் கேட்காதீர்கள். நீங்கள் திட்டியதற்காக நான் போகவில்லை, அதை மட்டும் நம்புங்கள். அந்த மரத்துக்கு கிரேன் வைத்துச் செய்கிறவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள். பேர் கெட்டால் கெடட்டும்.

வாத்தியாருக்கு முதுகு சரியாகும் வரை வேறு ஆள் பாருங்கள். நீங்கள் மட்டும் கீழே நிற்காதீர்கள். இது ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

பாப்பாவுக்கு ஒரு செம்பருத்திக் கன்று அனுப்புகிறேன். பட்டன் அதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

கீழே நிற்காதே என்று எனக்குச் சொல்ல நீ யார்? நீ முடிச்சுப் போடப் பழகுவதற்கு முன்னால் இருந்து நான் கீழே நின்றவள். கல்யாணமான புதிதில் ஆள் வைக்க வழியில்லை. அவர் மேலே, நான் கீழே. தேன்நிலவுக்கு எங்கே போனீர்கள் என்று யாராவது கேட்டால், மரத்துக்கு என்றுதான் சொல்வேன்.

"கீழ யாரு?" என்கிற அந்தக் கேள்வியை அவர் கண்டுபிடித்ததே எனக்காகத்தான், தெரியுமா? மற்ற கம்பெனிக்காரர்கள் "பாத்து!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கிளையைத் தள்ளிவிடுவார்கள். இவர் மட்டும் சொல்ல மாட்டார், கேட்பார். "சொன்னா எவன் காதுல வாங்குறான்? கேட்டா நீ பதில் சொல்லணும். பதில் சொல்லணும்னா சுத்திப் பாக்கணும்" என்பார். அதனால் கடைசி வெட்டுக்கு முன்னால் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு "கீழ யாரு?" என்று கேட்பார். நான் சுற்றிப் பார்த்து "யாருமில்ல!" என்றால்தான் கிளை இறங்கும். யாராவது இருந்தால் "நான் இருக்கேன்!" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை கேட்டால் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் சரி. பதில் வராமல் அவர் ஒரு சுள்ளியைக்கூடப் போட்டதில்லை. வீட்டிலும் அதே பழக்கம்தான். ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் வாயைத் திறக்கும் வரை வாசலிலேயே நிற்பார்.

இப்போது உனக்கு எரிச்சலாக ஒரு செய்தி. இரண்டு வாரமாகக் கீழே நிற்பது நான்தான். சேலையைத் தூக்கிக் கட்டி, உன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் பெரியது. உள்ளே துண்டை மடித்து வைத்துக்கொள்கிறேன். அணில் மேலேயிருந்து அவர் கேள்வியையே கேட்கிறான், நான் பதில் சொல்கிறேன். கணக்கு எழுதிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களைவிட இது எனக்கு நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூட வளாகத்தில் இருக்கிற மரங்களுக்கெல்லாம் வருஷம் முழுக்கக் கிளை கழிக்கிற வேலையும் கிடைத்திருக்கிறது. உன் அண்ணன் நாலு வருஷம் நடையாய் நடந்து கிடைக்காத வேலை அது.

கிரேன்காரனைக் கூப்பிட மாட்டேன். நீ வர மாட்டாய் என்றால், அணில் மனசு மாறும் வரை காத்திருப்பேன்.

அண்ணி


ஜூலை 6

அண்ணிக்கு,

செய்யாதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொண்ட ஒரே விஷயத்தைத்தான் செய்திருக்கிறீர்கள். சரி.

சில கேள்விகள். பதில் மட்டும் எழுதுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். அணில் கூப்பிடுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா? கூப்பிடும்போது அவன் முகம் தெரிகிற இடத்தில்தான் நிற்கிறீர்களா? அவன் கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் பதில் சொன்னதுண்டா?

பெரிய மரம் எதற்கும் போகாதீர்கள். இலை அடர்ந்த மரத்துக்குப் போகவே போகாதீர்கள். தயவுசெய்து.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

உன் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இப்போது இல்லை. உனக்கே தெரிந்ததைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறாய்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நாள். கிணற்றடியில் நிற்கிற பெரிய மரம். அணில் இலைக்குள்ளே போய்விட்டான், எனக்கு அவன் ஷூ மட்டும்தான் தெரிந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் தெளிவாக, மேலேயிருந்து, "கீழ யாரு?"

அணிலின் குரல் கீச்சுக் குரல். அந்தப் பேர் அவனுக்கு ஏறுவதனால் மட்டும் வந்ததில்லை. நான் கேட்டது அந்தக் குரல் இல்லை. எனக்கு அந்தக் குரலைத் தெரியும், உனக்கும் தெரியும். கேட்டதும் நான் கீழே பார்க்கவில்லை தம்பி. மேலே பார்த்தேன். எங்கே இருக்கிறார் என்றுதான் பார்த்தேன். வாய் தன்பாட்டுக்கு "யாருமில்ல!" என்று சொல்லிவிட்டது.

அணில் இன்னும் கேட்கவே இல்லை. கேட்கப் போகிற நேரத்தில் பதில் வந்ததும், தான் கேட்டுவிட்டதாகவே நினைத்து வெட்டிவிட்டான். அந்தப் பக்கம் வாட்ச்மேன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கிளை சைக்கிளின் பின்சக்கரத்தின் மேல் விழுந்தது. மனுஷர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் மேல் ஒரு இலை படவில்லை. நான்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அணில் இறங்கி வந்து, "அக்கா, நான் கேக்கவே இல்லையே. நீங்க ஏன் சொன்னீங்க?" என்றான். காதில் ஏதோ விழுந்தது என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வரும்போது வண்டியின் முன்பக்கச் சப்பையைப் பார்த்தேன். அதுவரை அதைப் பார்த்துக் கோபப்பட்டதெல்லாம் வேறு. அன்றைக்கும் இதேதான் நடந்திருக்கிறது. மேலே அணில், கீழே நீ. அவன் கேட்காமலேயே நீ "யாருமில்ல!" என்றாய், கிளை வண்டி மேல் விழுந்தது. கனவு காண்பதற்கா கீழே நிற்கிறாய் என்று எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டேன். அடுத்த வாரம் ஆளைக் காணோம்.

உனக்கும் கேட்டதா? அதனால்தான் போனாயா?

பள்ளிக்கூடத்துக்காரர்கள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். எல்லா வேலையையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. டீச்சரம்மா மட்டும் நேரில் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

பயமாக இருக்கிறது தம்பி. ஆனால் அவர் குரலைக் கேட்டேன் என்கிற சந்தோஷமும் இருக்கிறது. ஒரு உயிர் போகப் பார்த்த இடத்தில் எனக்கு சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால்தான் பயம் அதிகமாகிறது.

அண்ணி


ஜூலை 22

அண்ணிக்கு,

ஆமாம், கேட்டது.

முதல் தடவை கேட்டபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை சுதாரித்து வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் தடவைதான் வண்டி மேல் கிளை விழுந்தது. எத்தனை தடவைதான் வாயை மூடிக்கொள்வது? சின்ன வயசிலிருந்து அந்தக் குரலுக்குப் பதில் சொல்லியே பழகிய வாய் இது. இன்றைக்கு வண்டி, நாளைக்கு அணில் தலை என்று தோன்றியது. அதனால் கிளம்பிவிட்டேன். பெரிய மரமே இல்லாத இடமாகத் தேடிப் பிடித்தேன். இங்கே அண்ணன் ஏறி நிற்க ஒன்றும் இல்லை. ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவன் உங்கள் புருஷன். உங்களுக்குக் கேட்காத குரல் எனக்குக் கேட்கிறது என்று உங்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? சொன்னால் நீங்களும் போய் மரத்தடியில் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அதுதான் நடந்திருக்கிறது.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. அண்ணன் விழுந்த அன்றைக்கு டீச்சரம்மாவை இழுத்துத் தள்ளினேன் என்பது மட்டும்தான் தெரியும். மரம் இரண்டாகப் பிரிகிற கவையில் நின்றுகொண்டு அண்ணன் "கீழ யாரு?" என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா கொடியில் காய்ந்த துணியை எடுக்க நேராகக் கிளைக்கு அடியில் வந்துவிட்டார். பதில் சொல்ல நேரமில்லை, ஓடினேன். அண்ணன் காத்திருந்தான். பதில் வராமல் அவன் வெட்ட மாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். டீச்சரம்மாவைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டு நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கவை பிளந்துவிட்டது. உள்ளே முழுக்க உளுத்திருந்தது, வெளியே ஒரு அடையாளமும் இல்லை. பதில் சொல்லியிருந்தாலும் பிளந்திருக்கும். அதை ஆயிரம் தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், என் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அண்ணன் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

நான் வருகிறேன். அந்த மரத்தை நானே இறக்குகிறேன். மேலே இருக்கிறவனுக்கு அந்தக் குரல் கேட்பதில்லை, ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கீழே நிற்கிறவருக்குத்தான் கேட்கிறது. அதனால் கீழே அணில் நிற்கட்டும். அவன் காதில் அண்ணன் இல்லை.

கேள்வியையும் மாற்றிவிடுவோம். அண்ணனுக்குத் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். பட்டன் அவன் போன பிறகு வந்ததுதானே? நான் மேலேயிருந்து "பட்டன் எங்க?" என்று கேட்கிறேன். யாரும் இல்லையென்றால் "வீட்ல!" என்று பதில். ஆள் இருந்தால் "வெளிய!" என்று பதில். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தனக்குத் தெரியாத பூனையைப் பற்றி அண்ணனால் கேட்க முடியாது.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

பூனைக் கேள்வியைப் படித்துவிட்டு இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். பாப்பா ஓடி வந்து என்ன என்ன என்றாள். உன் பூனைக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். கால் தரையில் பாவவில்லை அவளுக்கு.

ஆனால் அணிலைக் கீழே நிறுத்த மாட்டேன். அவன் கை கயிற்றுக்கு வேண்டும். அவ்வளவு பெரிய கிளைகளைக் கூரை மேல் படாமல் இறக்க அவனைவிட்டால் ஆள் இல்லை. கயிறு பிடிக்கிறவன் கண் கிளையில் இருக்கும், தரையில் இருக்காது. வாத்தியார் இன்னும் எழுந்து உட்காரவில்லை. புது ஆளை நம்பி உன்னை அந்த மரத்தில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. இவையெல்லாம் நல்ல காரணங்கள், எதுவும் பொய்யில்லை.

உண்மையான காரணம் வேறு. அந்த மரம் போய்விட்டால் அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரியாது. கடைசியாக ஒரு தடவை அவர் குரலைக் கேட்க வேண்டும். கேட்பேன், பதில் சொல்ல மாட்டேன். உன் தலைமேல் சத்தியமாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உன் தலைதான் மேலே இருக்கப் போகிறது.

நீயும் மேலே இருப்பாய், அவரும் மேலே இருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே குரல். அதற்காக ஒரு வழி வைத்திருக்கிறேன். வாயில் ஒரு வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்கப் போகிறேன். பூனையைப் பற்றிக் கேட்டால் மட்டும் எடுப்பேன். கசப்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

நீ கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் முதலில் சுற்றிப் பார்ப்பேன். பதில் தாமதமானால் பயப்படாதே. அவரை மாதிரியே காத்திரு.

டீச்சரம்மா அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றார். துணிக்கொடியை அவரே அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். இனி அங்கே கட்ட மாட்டாராம். உன் பெல்ட்டை ஒவ்வொரு தையலாகப் பார்த்துவிட்டேன், உறுதியாக இருக்கிறது. வந்து சேர்.

அண்ணி


ஆகஸ்ட் 14

அண்ணிக்கு,

நல்லபடியாகப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தலையில் மரத்தூள் இருக்கிறது என்று சொன்னார். தட்டிவிட மனசு வரவில்லை.

வேலை நன்றாகத்தான் நடந்தது, இல்லையா? நேரில் உங்களிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிடும்போது மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். டீச்சரம்மா வீட்டு ஓடு ஒன்றுகூட அசையவில்லை. நான் கிளம்புவதற்குள்ளேயே மூன்று வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்ததை அணில் பெருமையாகச் சொன்னான். அந்த மரத்தையே இறக்கிவிட்டார்கள், நம் மரம் எம்மாத்திரம் என்று பேசிக்கொள்கிறார்களாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் "பட்டன் எங்க?" என்று கத்திக்கொண்டு திரிகிறார்களாம். பாப்பாவின் பூனை ஊரில் பெரிய ஆளாகிவிட்டது.

எனக்கு மேலே ஒன்றும் கேட்கவில்லை. காற்றும் ரம்பமும்தான். கவைக்கு வந்தேன். பிளந்த இடத்தில் அண்ணன் ஷூ தேய்ந்த தடம் இன்னும் பட்டையில் இருந்தது. அங்கேயிருந்து பூனையைக் கேட்டேன், பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன், வரவில்லை. நீங்கள் போய்விட்டீர்களோ என்று நினைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி காத்திருந்தேன். அப்புறம்தான் "வீட்ல!" என்று வந்தது. குரல் உங்கள் குரல் மாதிரியே இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். எல்லாம் முடிந்து நான் இறங்கியாகிவிட்டது. திண்டு மாதிரி கிடந்த ஒரு துண்டு மரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அணில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். ரம்பம் வண்டிக்குள் போய்விட்டது. நீங்கள் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தீர்கள். திடீரென்று நிமிர்ந்து, சத்தமாக, "நான் இருக்கேன்!" என்றீர்கள். அணில் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

யாருக்குச் சொன்னீர்கள் அண்ணி?

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எழுதிக் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் கிளையிலேயே ஆரம்பித்துவிட்டார். நீ அப்போது பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாய். உன் வாய் அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "கீழ யாரு?" வேலை நேரத்துக் குரல், கொஞ்சம் அவசரம். குச்சியைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் நீ பூனையைக் கேட்டாய், நான் வீட்டில் என்றேன், கிளை இறங்கியது. ஒவ்வொரு கிளைக்கும் இப்படித்தான். இரண்டு பேரும் கேட்டீர்கள், ஒருத்தருக்குத்தான் பதில் சொன்னேன்.

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் போடாத சண்டை இல்லை. வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அப்போதுகூட அவர் மேலே ஏறிக் கேட்டால் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

கவைக்கு வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து, உள்ளே ஆள் அரவமே இல்லாவிட்டால் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஒரு மாதிரி கேட்பாரே, அந்தக் குரல். "கீழ யாரு?" ஒரு தடவை இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் நீ பூனையைக் கேட்டது காதில் விழுந்தது. குச்சி இரண்டாக உடைந்து வாய் முழுக்கக் கசந்தது. அழுதுகொண்டிருந்தேன். நீ காத்திருந்தாய். நீ காத்திருந்ததால்தான் என்னால் சுற்றிப் பார்க்க முடிந்தது, பூனை வீட்டில் என்று சொல்ல முடிந்தது. அதற்கு உனக்கு நன்றி சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

கடைசித் துண்டும் இறங்கியது. அந்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது மறுபடி கேட்டார். மரம் இல்லை, ஆனால் அதே உயரத்திலிருந்து கேட்டார்.

யார் கையிலும் ரம்பம் இல்லை. கயிற்றில் எதுவும் தொங்கவில்லை. இப்போது பதில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரி மேலே பார்க்காமல், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி முதலில் கீழே பார்த்தேன். மரத்தூள் இருந்தது. அதில் என் கால் இருந்தது. நீயும் நானும் அவரிடம் எத்தனை தடவை யாருமில்ல யாருமில்ல என்று சொல்லியிருக்கிறோம் தம்பி. அவர் விழுந்த அன்றைக்குக் கீழே டீச்சரம்மா இருந்தார், நீ இருந்தாய். அன்றைக்கு அவருக்கு வர வேண்டிய பதில் வேறு. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

மற்ற விஷயங்கள். வாத்தியார் எழுந்துவிட்டார், எழுந்ததும் எல்லாருக்கும் முதுகைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். வண்டியின் முன்பக்கத்தைத் தட்டி எடுத்தாகிவிட்டது. இலை உதிராத மரம் கேட்டாரே, அவர் மறுபடி வந்தார், இப்போது கொஞ்சம் உதிர்ந்தால் பரவாயில்லையாம். அடுத்த மாதத்துக்கு இரண்டு பேர் ஏறினால்தான் முடியும் என்கிற அளவுக்கு வேலை இருக்கிறது. செம்பருத்தி துளிர்த்திருக்கிறது, பட்டன் கடித்தது போக. நீ எப்போது வருகிறாய் என்பதை எழுத வேண்டாம். போன் பண்ணிச் சொல். "நான்தான் பேசறேன்" என்றே சொல், பாத்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இன்றைக்கும் ஒரு பெரிய மரத்தடியில் காலை முழுக்க நின்றேன், ஒன்றும் இல்லை. மரத்தை இறக்கிய அன்றைக்கு "நான் இருக்கேன்!" என்று நான் சொன்னதும் மேலே அவர் ரம்பம் நின்றது. அது நின்ற பிறகுதான், இத்தனை நாளும் அது என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணி